ரெக்கவரி பென்டிரைவ் ரெடி பண்றீங்களா? 'எந்த டிரைவ்?' என்ற கேள்வியில் தவறினால் என்ன ஆகும்? முழு விளக்கம்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதே நாளில் விண்டோஸ் 11-க்கு வந்த கேபி5066835 என்ற அப்டேட் வேறொரு தலைவலியைக் கொண்டுவந்தது. அதை நிறுவிய கணினிகளில், பழுது பார்க்கும் ரெக்கவரி திரைக்குள் போனால் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. சாதாரணமாக விண்டோஸ் ஓடும்போது எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால், கணினி படுத்துவிட்டால் காப்பாற்ற இருக்கும் அந்த ஒரு திரையில் மட்டும் கையைக் கட்டிப்போட்ட நிலை.

6 நாள் கழித்து, அக்டோபர் 20-ம் தேதி அவசர அப்டேட் ஒன்றை வெளியிட்டு மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. அதுவரை தப்பிக்க அந்த நிறுவனம் சொன்ன வழிகளில் ஒன்று, முன்பே செய்து வைத்த யுஎஸ்பி ரெக்கவரி டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குவது. அதாவது, முன்கூட்டியே ஒரு பென்டிரைவைத் தயார் செய்து மேசை டிராயரில் போட்டு வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

"அப்போ நாமும் ஒண்ணு செஞ்சு வெச்சிடலாம்" என்று உட்கார்ந்தால், அங்கேதான் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. எந்த டிரைவில் எழுதட்டும் என்று கணினி கேட்கும். நீங்கள் காட்டும் டிரைவில் உள்ள அத்தனையும் அழியும். கல்யாண போட்டோவும் கடைக் கணக்கும் இருக்கும் ஹார்ட் டிஸ்கைத் தவறிக் காட்டினாலும் அது அப்படியே அழிக்கும். டிரைவ்களையும் பார்டிஷன்களையும் சரியாக அடையாளம் காண்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ரெக்கவரி மீடியா என்றால் என்ன?

பொதுவாக இரண்டு வகை உண்டு. முதலாவது, விண்டோஸிலேயே இருக்கும் 'ரெக்கவரி டிரைவ்' கருவி மூலம் செய்வது. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும். குறைந்தது 16 ஜிபி பென்டிரைவ் வேண்டும். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்தால்தான், பிறகு இதை வைத்து விண்டோஸை மறுபடி நிறுவ முடியும். டிக்கை எடுத்துவிட்டால் பழுது பார்க்கும் கருவிகள் மட்டுமே இருக்கும்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி, விண்டோஸ் நிறுவும் பென்டிரைவாகச் செய்வது. இதற்கு 8 ஜிபி போதும்.

இரண்டிலும் பொதுவான விஷயங்கள் இரண்டு. ஒன்று, பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது முழுவதும் அழிந்துவிடும். இரண்டு, உங்கள் சொந்த ஃபைல்கள் எதுவும் இதில் சேராது. ரெக்கவரி டிரைவ் செய்துவிட்டதால் போட்டோக்கள் பத்திரம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதற்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும்.

டிஸ்க், பார்டிஷன், டிரைவ் எழுத்து: மூன்றும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் நடக்கின்றன.

வாடகைக்கு விடும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். முழுக் கட்டடம்தான் டிஸ்க். உள்ளே சுவர் வைத்துப் பிரித்த ஒவ்வொரு போர்ஷனும் ஒரு பார்டிஷன். வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகைதான் சி, டி, இ என்ற டிரைவ் எழுத்து. பலகையைக் கழற்றி அடுத்த வாசலில் மாட்டலாம். பலகையே இல்லாத போர்ஷன்களும் உண்டு. ஆனால் கட்டடத்தை இடித்தால் எல்லா போர்ஷனும் சேர்ந்தே போகும்.

நம் ஊர் கணினிகளில் இதை எளிதாகப் பார்க்கலாம். லேப்டாப் வாங்கியதும் ஒரே ஹார்ட் டிஸ்கை சி, டி என இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது பழக்கம். "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்கு, சி போனாலும் கவலை இல்ல" என்று பலரும் தைரியமாக இருப்பார்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் அது உண்மைதான். ஆனால், முழு டிஸ்கையும் அழிக்கும் கட்டளை கொடுத்தாலோ டிஸ்கே பழுதானாலோ, டி-யும் சேர்ந்தே போய்விடும். இரண்டும் ஒரே கட்டடம்!

சி-க்கு முன்னால் ஏ, பி எங்கே என்ற சந்தேகம் வரலாம். அந்த இரண்டு எழுத்துகளும் ஃப்ளாப்பி டிஸ்க் காலத்தில் ஃப்ளாப்பிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. பிறகு வந்த ஹார்ட் டிஸ்குக்கு சி கிடைத்தது. தமிழ் இலக்கணத்தில் இடுகுறிப்பெயர் என்று படித்திருப்போமே, டிரைவ் எழுத்தும் அப்படித்தான். வைத்ததால் வந்த பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ரெக்கவரி திரையில் சி, டி ஆகிவிடுமா?

ஆகலாம். கணினி விண்டோஸுக்குள் போகாமல் ரெக்கவரி திரைக்குப் போகும்போது, அங்கே ஓடுவது வேறொரு சின்ன விண்டோஸ். அது தன் போக்கில் எழுத்துகளை ஒதுக்கும். அந்தச் சின்ன விண்டோஸ் தனக்கே எடுத்துக்கொள்வது எக்ஸ் என்ற எழுத்து. உங்கள் பழைய சி டிரைவ் அங்கே டி என்றோ இ என்றோ தெரியலாம்.

2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். 85 லட்சம் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீடு. அப்போது சொல்லப்பட்ட தீர்வு எளிதுதான்: கணினியை பாதுகாப்பு முறையிலோ ரெக்கவரி திரையிலோ திறந்து, விண்டோஸ் இருக்கும் டிரைவில் குறிப்பிட்ட ஃபோல்டருக்குப் போய், சி-00000291 என்று தொடங்கும் ஃபைலை நீக்க வேண்டும். ஆனால் ரெக்கவரி திரையில் நின்றுகொண்டு "சி டிரைவ்ல அந்த ஃபோல்டரே இல்லையே" என்று திகைக்க வாய்ப்பு உண்டு. காரணம் மேலே சொன்னதுதான். எழுத்தை நம்பாமல் ஒவ்வொரு டிரைவையும் திறந்து, 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டர்கள் எதில் இருக்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

டிஸ்க் 0 என்றால் என்ன? எண்ணிலும் குழப்பமா?

எழுத்தை நம்ப முடியாவிட்டால் எண்ணை நம்பலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் டிஸ்குகளை 0-விலிருந்து எண்ணும். பார்டிஷன்களை 1-லிருந்து எண்ணும். 'ஹார்ட்டிஸ்க்0, பார்டிஷன்4' என்று வந்தால், முதல் டிஸ்கில் நான்காவது பார்டிஷன் என்று பொருள்.

ஒரே ஒரு டிஸ்க் இருக்கும் லேப்டாப்பில் டிஸ்க் 0 என்பது பெரும்பாலும் உங்கள் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்தான். ஆனால், வேகத்துக்காக பின்னால் ஒரு எஸ்எஸ்டி சேர்த்த கணினிகளில் பழைய ஹார்ட் டிஸ்க் 0 ஆகவும், விண்டோஸ் ஓடும் எஸ்எஸ்டி 1 ஆகவும் இருக்கலாம். பென்டிரைவைக் கழற்றி மாட்டினால் அதன் எண்ணும் மாறலாம். நேற்று பார்த்த எண்ணை நினைவில் வைத்து இன்று கட்டளை கொடுப்பது ஆபத்து.

16 ஜிபி பென்டிரைவ் 14.9 ஜிபி என்று காட்டுகிறதே?

அடையாளம் காண நம்மிடம் இருக்கும் நல்ல வழி அளவுதான். ஆனால், பெட்டியில் எழுதியிருக்கும் அளவும் விண்டோஸ் காட்டும் அளவும் ஒன்றாக இருக்காது. தயாரிப்பு நிறுவனங்கள் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் அதையே 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட் என்று கணக்கிடுகிறது. அளவுகோல் பெரிதானால் எண் சிறிதாகும், அவ்ளோதான்.

தோராயமாக இப்படித் தெரியும்:

• 16 ஜிபி பென்டிரைவ்: 14 முதல் 15 ஜிபி வரை
• 32 ஜிபி பென்டிரைவ்: 29 ஜிபி அளவில்
• 256 ஜிபி எஸ்எஸ்டி: 238 ஜிபி
• 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்: 465 ஜிபி
• 1 டிபி ஹார்ட் டிஸ்க்: 931 ஜிபி

பென்டிரைவ் என்று நினைத்து நீங்கள் தேர்வு செய்திருப்பது 465 என்றோ 931 என்றோ காட்டினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அது பென்டிரைவ் இல்லை, ஹார்ட் டிஸ்க்.

இன்னொரு விஷயம். 64 ஜிபி பென்டிரைவில் ரெக்கவரி மீடியா செய்த பிறகு, அது 32 ஜிபி என்றே காட்டலாம். மீதி இடம் தொலைந்துவிடவில்லை. இந்தக் கருவிகள் பயன்படுத்தும் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் 32 ஜிபி வரை மட்டும் ஒரு பார்டிஷனாக்கி, மீதியை ஒதுக்காமல் விட்டுவிடுகின்றன.

பெயரே இல்லாத சின்னச் சின்ன பார்டிஷன்கள் எதற்கு?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால், சி டிரைவுக்கு முன்னும் பின்னும் எழுத்தே இல்லாத சில கட்டங்கள் தெரியும். "இடத்தை அடைச்சிட்டு சும்மா கெடக்குதே" என்று அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

இஎஃப்ஐ பார்டிஷன்: 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில் இருக்கும். கணினியை ஆன் செய்ததும் விண்டோஸை எழுப்பும் ஃபைல்கள் இங்கேதான் இருக்கின்றன. இதை அழித்தால் விண்டோஸ் முழுதாக இருந்தும் கணினி எழுந்திருக்காது.

ரிசர்வ்டு பார்டிஷன்: 16 எம்பி. விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் இடம். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இது கண்ணில் படாது. கட்டளைத் திரையில் பட்டியல் கேட்டால் மட்டுமே தெரியும்.

ரெக்கவரி பார்டிஷன்: பெரும்பாலும் சில நூறு எம்பி முதல் 1 ஜிபி வரை. ஆரம்பத்தில் சொன்ன ரெக்கவரி திரை இங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கடைசி பார்டிஷன் எவ்வளவு பெரிய சிக்கலாக முடியும் என்பதற்கு 2024 ஜனவரியில் ஒரு உதாரணம் கிடைத்தது. விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட், ஏராளமான கணினிகளில் 0எக்ஸ்80070643 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றது. காரணம், ரெக்கவரி பார்டிஷனில் போதிய இடம் இல்லை. தீர்வாக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வழிமுறை என்ன தெரியுமா? கட்டளைத் திரையைத் திறந்து, விண்டோஸ் பார்டிஷனை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்டிஷனை அழித்து, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னது.

தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு இது சில நிமிட வேலை. ஆனால், வீட்டிலும் கடையிலும் கணினி பயன்படுத்துபவர்களுக்கு? அந்த வழிமுறையில் 'பார்டிஷனைத் தேர்வு செய்' என்று வரும் இடத்தில் ஒரு எண்ணை மாற்றி அடித்தால், அடுத்த வரியில் உள்ள 'அழி' என்ற கட்டளை தவறான பார்டிஷன் மேல் பாயும். ஒரு சாதாரண பாதுகாப்பு அப்டேட்டுக்காகப் பொதுமக்கள் இந்த இடம் வரை வர வேண்டியிருந்தது. டிரைவை அடையாளம் காணும் வேலை இனி சர்வீஸ் சென்டர்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

சரி, பென்டிரைவை எப்படி உறுதி செய்வது?

1. தேவையில்லாததைக் கழற்றுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, வேறு பென்டிரைவ், யுஎஸ்பி கேபிளில் தொங்கும் போன் என எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையே பாதி ஆபத்தைக் குறைத்துவிடும்.

2. முன்னும் பின்னும் பாருங்கள். பென்டிரைவைச் செருகுவதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று பாருங்கள். செருகிய பிறகு மறுபடி பாருங்கள். புதிதாக வந்த வரிதான் உங்கள் பென்டிரைவ். கழற்றினால் அந்த வரி மறைய வேண்டும். இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

3. உள்ளே திறந்து பாருங்கள். பென்டிரைவில் இருக்கும் ஃபைல்கள் உங்களுக்குத் தெரிந்தவையா? வேண்டியதை முதலில் வேறு இடத்துக்கு காப்பி செய்யுங்கள்.

4. நீங்களே ஒரு பெயர் வையுங்கள். பென்டிரைவை ரைட் கிளிக் செய்து, 'ரீனேம்' கொடுத்து, 'அழிக்கலாம்' என்பது போல ஒரு பெயர் வைத்துவிடுங்கள். பிறகு வரும் பட்டியலில் அந்தப் பெயர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

5. அளவு, பெயர், எழுத்து மூன்றும் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் போதாது. மூன்றில் ஏதாவது ஒன்று இடித்தாலும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

சில கருவிகள் நமக்காகக் கொஞ்சம் கவனமாக இருக்கின்றன. பலரும் பயன்படுத்தும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள், யுஎஸ்பி ஹார்ட் டிஸ்குகளைப் பட்டியலில் காட்டாமல் மறைத்தே வைத்திருக்கும். அமைப்பில் போய் நாமாக டிக் செய்தால்தான் காட்டும். "என் டிரைவ் லிஸ்ட்ல வரலையே" என்று அவசரப்பட்டு அந்த டிக்கைப் போட்டால், அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

டிஸ்க்பார்ட்: ஒரு சொல்லில் எல்லாம் காலி

யூடியூப் வீடியோக்களில் அடிக்கடி வரும் பெயர் இது. விண்டோஸோடு வரும் இந்தக் கருவியில் 'லிஸ்ட் டிஸ்க்' என்று அடித்தால் டிஸ்குகளின் பட்டியல் வரும். ஆனால் அந்தப் பட்டியலில் எண்ணும் அளவும் மட்டும்தான் முக்கியமாகத் தெரியும். எந்த கம்பெனி, எந்த மாடல் என்ற விவரம் இருக்காது. ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் பிரித்துப் பார்க்கவே முடியாது.

அதனால் ஒரு டிஸ்கைத் தேர்வு செய்த உடனே 'டீடெய்ல் டிஸ்க்' என்று அடியுங்கள். மாடல் பெயர், யுஎஸ்பி வழியாக இணைந்ததா, அதில் என்னென்ன எழுத்துகள் இருக்கின்றன என்ற தகவல் எல்லாம் வரும். அதில் சி என்ற எழுத்து தெரிந்தால் நீங்கள் நிற்பது தவறான இடத்தில்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? இதற்கு அடுத்து வரும் கட்டளை 'கிளீன்'. 'நிச்சயமாகவா?' என்ற கேள்வியே வராது. என்டர் தட்டியதும் டிஸ்கின் பார்டிஷன் விவரங்கள் அனைத்தும் சில நொடிகளில் போய்விடும்.

தவறி நடந்துவிட்டால் பதறி வேறு எதையும் செய்யாதீர்கள். அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாமல், ஃபார்மட் செய்யாமல், கணினியை அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். 'கிளீன்' கட்டளை முதலில் அழிப்பது பொருளடக்கப் பக்கத்தைத்தான், புத்தகம் முழுவதையும் அல்ல. ஹார்ட் டிஸ்காக இருந்தால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி-க்கள் அழித்த இடங்களைத் தாமாகவே சுத்தம் செய்துகொள்ளும் தன்மை கொண்டவை என்பதால் அங்கே வாய்ப்பு குறைவு.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுபவர்கள் கவனத்துக்கு

டிபிஎம் 2.0 போன்ற நிபந்தனைகளால் பல பழைய கணினிகளால் விண்டோஸ் 11-க்கு மாற முடியவில்லை. பதிவு செய்துகொண்டவர்களுக்கு விண்டோஸ் 10-க்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைதான். அதனால் சிலர் லினக்ஸ் பக்கம் போகிறார்கள்.

அங்கே சி, டி எழுத்துகள் இல்லை. டிஸ்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாகப் பெயர் வரும். அதில் உள்ள பார்டிஷன்கள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று போகும். கண்டுபிடிக்கப்படும் வரிசையில் பெயர் வருவதால், இன்று எஸ்டிபி-யாக இருப்பது நாளை எஸ்டிசி ஆகலாம். 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளை கொடுத்தால் அளவோடு பட்டியல் கிடைக்கும். பென்டிரைவில் எழுதும்போது, முழு டிஸ்கின் பெயரைத் தர வேண்டும். எண் சேர்த்து பார்டிஷனின் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் அதிலிருந்து கணினி தொடங்காது. எழுதப் பயன்படும் 'டிடி' கட்டளைக்கு லினக்ஸ் வட்டாரத்தில் 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று பட்டப்பெயரே உண்டு.

பென்டிரைவ் தயார், ஆனால் சாவி?

பல லேப்டாப்களில் டிஸ்க் 'பிட்லாக்கர்' மூலம் பூட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே போடப்படும். ரெக்கவரி பென்டிரைவிலிருந்து நுழையும்போது 48 இலக்க எண் கேட்கும். கிரவுட்ஸ்டிரைக் சம்பவத்தில் பல நிறுவனங்களைத் தாமதப்படுத்தியது இந்த எண்தான்.

உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் பல சாவிகள் இருக்கும். திரையில் காட்டும் 'கீ ஐடி'யோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்க வேண்டும். இப்போதே ஒரு தாளில் எழுதி, பென்டிரைவோடு வைக்காமல் தனியாக வையுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால் பூட்டியதற்கே அர்த்தம் இல்லை.

கடைசியாக...

செய்து முடித்ததும் பென்டிரைவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எந்தக் கணினிக்கு, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வீட்டில் யாராவது அதில் பாட்டு ஏற்றியிருப்பார்கள். ஒருமுறை அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என கம்பெனிக்கு ஏற்ப ஒரு பட்டனைத் தட்டினால் தேர்வுப் பட்டியல் வரும். ரெக்கவரி திரை வந்தால் போதும், அங்கே எதையும் தொடாமல் அணைத்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்வது நல்லது.

இத்தனைக்கும் ஆகும் நேரத்தில், டிரைவை அடையாளம் காண ஐந்து நிமிடம்தான் தேவைப்படும். 'அனைத்தும் அழிக்கப்படும்' என்ற எச்சரிக்கை வரும்போது நாம் எல்லோரும் படிக்காமலே 'நெக்ஸ்ட்' தட்டிப் பழகியவர்கள். அந்தத் திரையில் மட்டும் ஒரு நிமிடம் நின்று, பென்டிரைவைக் கழற்றி, பட்டியலிலிருந்து அது மறைகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செருகுங்கள். பிறகு தட்டலாம்.